பித்தளைச் சான்று

வரலாறு எழுதப் புகுவோர் கல்வெட்டையும் செப்பேட்டையும் முதற்கண் நாடுவர். மலேசியத் தமிழர் வரலாற்றுக்கோ அத்தகைய சான்றுகள் அரியன. தோட்டத்துச் செக்ரோல் புத்தகங்கள், கப்பல் ஆவணங்கள், நாளிதழ்ச் செய்திகள், காலனி அதிகாரிகள் தம் மேலிடத்துக்கு எழுதியனுப்பிய அறிக்கைகள் ஆகியவற்றைக் கொண்டே நம் முன்னோரின் வாழ்வை நாம் கட்டியெழுப்ப வேண்டியுள்ளது. இவற்றுள் பெரும்பாலானவை தோட்டத் தொழிலாளியின் கையால் எழுதப்பட்டவை அல்ல. அவனைப் பற்றிப் பிறர் எழுதியவை. ஆகவே, எழுத்தில் இல்லாத சான்றுகளையும் வாசிக்க நாம் பழக வேண்டும். அவற்றுள் ஒன்று, இரண்டங்குலத்துக்குச் சற்றே மேற்பட்ட நீளமுள்ள ஒரு பித்தளைக் குழாய். துப்பாக்கியில் வெடித்து முடிந்த தோட்டாவின் வெற்றுக்கூடு அது.

செப்பேட்டுக்கு மட்டுமன்று, இதற்கும் செம்பே தாய். எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை, தோட்டாப் பித்தளை என்றே உலகெங்கும் பெயர் பெற்றுள்ளது. செப்பேட்டில் இருப்பது போன்றே இதன் அடிவட்டத்திலும் பொறிப்பு உண்டு. செய்த ஆலையின் அடையாள எழுத்து, செய்த ஆண்டு, தோட்டாவின் வகையெண் ஆகியவை அங்கே அச்சிடப்பட்டிருக்கும். புனே நகரையடுத்த கிர்க்கி ஆலையில் செய்த தோட்டாக்களில் அவ்வாலைக்குரிய இரண்டு ஆங்கில எழுத்துகளும் அவற்றிடையே ஓர் அம்புக்குறியும் காணப்படும். இவை ஆலையார் எழுதியவை. இவற்றினும் நுண்ணிய வேறோர் எழுத்தும் அக்கூட்டில் உண்டு. அதனை ஒருவரும் எழுதவில்லை, துப்பாக்கியே எழுதியது. முதல் முறை வெடித்தபோது கூட்டின் அளவுகளில் ஏற்பட்டு, பின்னர் மாறாது நின்றுவிட்ட மாற்றமே அவ்வெழுத்து.

இத்தகைய பொருளில் தமிழாசிரியருக்கும் மாணவருக்கும் என்ன அக்கறை என்று கேட்கலாம். 1941ஆம் ஆண்டு மே மாதத்தில் கிள்ளான் வட்டாரத்தில் நிகழ்ந்ததை நினைவிற் கொண்டால் அக்கேள்விக்கு விடை கிடைக்கும். கூலி உயர்வு கேட்ட தமிழ்த் தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்த இடம் அது. ஐந்து உயிர்கள் போயின. அந்நிகழ்ச்சியைப் பற்றி அதிகாரிகள் எழுதியது உண்டு. தொழிற்சங்க வரலாற்றாசிரியர் எழுதியதும் உண்டு. மனிதர் சொல்லில் சார்பு இருக்கும். பித்தளைக்குச் சார்பு இல்லை. அது சொல்வது எவ்வளவு, சொல்லாதது எவ்வளவு என்பதை அறிய வேண்டுமானால், அது எவ்வாறு உருமாறுகிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

பித்தளையின் இயல்பு நம்மவர்க்குப் புதிதன்று. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் குத்துவிளக்கும் குடமும் அடுக்கி வைத்த கடைகளை இன்றும் காணலாம். வார்ப்பு விளக்கை விட்டுவிடுவோம். தட்டிச் செய்யும் குடத்தை எண்ணிப் பார்ப்போம். கன்னார் தகட்டைத் தட்டத் தட்ட அது விறைத்துக்கொண்டே போகும். ஓரளவுக்கு மேல் தட்டினால் விளிம்பில் கீறல் விழும். ஆகவே இடையிடையே தகட்டை நெருப்பிலிட்டுக் காய்ச்சி ஆறவிடுவர். ஆறியபின் அது மீண்டும் இளகி வளையும். அடித்தால் இறுகும், காய்ச்சினால் இளகும் என்னும் இவ்விரண்டு குணங்களுமே தோட்டாக் கூட்டின் தொழில் நுட்பம் முழுவதற்கும் அடிப்படை. (ஓர் இடைக்குறிப்பு: பித்தளைப் பாத்திரத்தின் உட்புறத்தில் பூசும் ஈயம், உண்மையில் வெள்ளீயம். கோலாலம்பூர் என்ற ஊரே அந்த வெள்ளீயத்தைத் தோண்ட வந்தவர்களால் உண்டானது. நம் பாட்டிமார் புளிக்குழம்பு வைத்த பாத்திரங்களில் இந்நாட்டு மண் பூசப்பட்டிருந்தது எனலாம்.)

தோட்டா ஆலையில் நடப்பதும் கன்னார் பட்டறையில் நடப்பதேயாம்; ஆனால் சுத்தியலுக்குப் பதில் இயந்திரம். காசு போன்ற ஒரு பித்தளை வட்டு முதலில் கிண்ணமாக அழுத்தப்படுகிறது. பின்னர்ப் படிப்படியாக அச்சுகளின் வழியே இழுக்கப்பட்டு நீண்ட குழாயாகிறது. ஒவ்வோர் இழுப்புக்கும் இடையே காய்ச்சி ஆற்றப்படுகிறது. முடிந்த கூட்டின் எல்லாப் பகுதியும் ஒரே பதத்தில் இருத்தலாகாது. அடிப்பகுதி கெட்டியாக, உரமேறியதாக இருத்தல் வேண்டும். குண்டைப் பிடித்திருக்கும் கழுத்து இளகியதாக இருத்தல் வேண்டும். கெட்டியான கழுத்து பிளக்கும். இளகிய அடி வீங்கிச் சிக்கும்.

இனி, வெடிக்கும்போது நிகழ்வதைக் காண்போம். பேரரசின் படைகள் 1888 முதல் கையாண்டது .303 அங்குலக் குழல். லீ-மெட்போர்டு என்று தொடங்கி, 1895இல் லீ-என்ஃபீல்டு என்று மாறி, 1907இல் மூன்றாம் மாதிரியாகத் திருந்திய அத்துப்பாக்கியே இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் இந்தியப் படையின் பொதுப் படைக்கலமாக இருந்தது. அதற்குரிய தோட்டாக் கூட்டின் நீளம் 2.222 அங்குலம். அடியில் விளிம்பு, மேலே சற்றே குறுகிச் செல்லும் உடல், பின் தோள், பின் கழுத்து என மனித உறுப்புப் பெயர்களாலேயே அதன் பகுதிகள் வழங்கப்படுகின்றன.

தோட்டாவை வெடியறைக்குள் செலுத்தும்போது அது இறுக்கமாக அமர்வதில்லை. நுழையவும் வெளிவரவும் இடம் வேண்டுமன்றோ? அறைக்கும் கூட்டுக்கும் இடையே அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு இடைவெளி எப்போதும் உண்டு. முள் சென்று அடியிலுள்ள கேப்பைத் தாக்கியதும் மருந்து எரிந்து வாயுவாகிறது. ஆயிரத்தில் ஒரு நொடி என்னும் அளவிலான காலத்துக்குள் சதுர அங்குலத்துக்கு 18 டன்னுக்கு மேற்பட்ட அழுத்தம் உண்டாகிறது. கழுத்து விரிந்து குண்டை விடுவிக்கிறது. மெல்லிய பக்கச் சுவர்கள் வெளிநோக்கித் தள்ளப்பட்டு, எஃகு அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கின்றன. வாயு பின்புறமாகக் கசிந்து சுடுபவன் முகத்தில் பாயாமல் காப்பது இந்த ஒட்டுதலே. அடிப்பகுதியோ தடித்தது, அது அவ்வாறு விரிந்து ஒட்டுவதில்லை. அது பின்னோக்கித் தள்ளப்பட்டுப் பூட்டின் மீது மோதுகிறது. முன்பாதி அறையைப் பற்றிக்கொண்டு நிற்க, பின்பாதி விலகிச் செல்ல முயல்கிறது. இழுபடும் இடம் அடிக்குச் சற்று மேலேயுள்ள சுவர். அங்கே பித்தளை மெலிகிறது.

குண்டு குழலை விட்டகன்றதும் அழுத்தம் தணிகிறது. எஃகு தன் பழைய அளவுக்கு மீள்கிறது. பித்தளையும் மீள முயல்கிறது. ஆனால் முழுவதும் மீள முடிவதில்லை. மீள்தன்மையின் எல்லையை அது கடந்துவிட்டது. அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்ற அளவிலேயே சுருங்குகிறது. அச்சிறு சுருக்கமும் இல்லையேல் கூடு அறையிலேயே சிக்கிக்கொள்ளும். அடுத்த தோட்டாவை இட முடியாது. இவ்வாறு வெளிவந்த கூடு, ஆலையிலிருந்து புறப்பட்ட கூடு அன்று. அதன் உடல் பருத்திருக்கும், தோள் முன்னேறியிருக்கும், கழுத்து அகன்றிருக்கும். மெழுகை அச்சில் ஊற்றி எடுத்தாற்போல, எந்த அறையில் வெடித்ததோ அந்த அறையின் வார்ப்பாக அது ஆகிவிடுகிறது.

நீளம் மட்டும் நாம் எதிர்பார்ப்பதற்கு மாறாக நடந்துகொள்ளும். வெடித்த கூடு நீண்டிருக்கும் என்றே எவரும் எண்ணுவர். முதல் வெடிப்பில் சில வேளைகளில் அது குறுகிவிடுவதும் உண்டு. உடல் பருப்பதற்கும் தோள் முன்னே செல்வதற்கும் வேண்டிய உலோகம் கழுத்திலிருந்து பின்வாங்கப்படுவதே காரணம். அதே கூட்டை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்த விரும்பி, பழைய பருமனுக்கு அச்சில் நெருக்கும்போதுதான் அது நீள்கிறது. களிமண் உருண்டையை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டி மெலிவிக்கும்போது நீள்வது போன்றது இது. விரிதலும் நெருக்கப்படுதலும் திரும்பத் திரும்ப நிகழ்ந்தால், முன்பு மெலிந்ததாகச் சொன்ன அவ்விடத்தில் ஒரு பளபளப்பான வளையம் தோன்றும். அடுத்த வெடிப்பில் கூடு இரண்டாக அறுந்துபோகும் என்பதற்கு அது முன்னறிவிப்பு. லீ-என்ஃபீல்டில் இக்குறை மற்றவற்றினும் விரைவில் தோன்றும். அதன் பூட்டுப் பற்கள் தோட்டாவுக்கு அருகில் முன்புறம் அமையாமல் பின்புறம் அமைந்திருப்பதால், வெடிக்கும்போது பூட்டின் தண்டே சற்று வளைந்து கொடுக்கிறது. அந்த இடத்தையும் பித்தளையே இட்டு நிரப்ப வேண்டியிருக்கிறது.

படைத்துறை இதனைப் பற்றிக் கவலைப்படவில்லை. ஒரு முறை வெடித்துக் கூடு வெளியே வந்தால் போதும் என்பதே அதன் கணக்கு. ஆயினும் அந்த ஒரு முறையையே சரிவரப் பெறுவதற்குப் பேரரசு அரை நூற்றாண்டுக் காலம் பாடுபட்டது. 1857இல் வங்கப் படையில் பற்றிய நெருப்புக்குக் காரணமாகச் சொல்லப்படும் கொழுப்புத் தோட்டா, காகிதத்தால் ஆனது. பல்லால் கடித்துத் திறப்பது. அடுத்த பத்தாண்டுக்குள் கர்னல் பாக்ஸர் என்பார் மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்த தோட்டா ஸ்நைடர் துப்பாக்கிக்கு வந்தது. அதன் வழித்தோன்றலான மார்ட்டினி-ஹென்றித் தோட்டாவும் சுருட்டுத் தகடே. சூடானில் 1885இல் நடந்த அபு கிளியா போரில் வெடித்த கூடுகள் அறையில் சிக்கிக்கொண்டு படைவீரரைக் கையறு நிலைக்கு ஆளாக்கின. அதன்பின் சுருட்டுத் தகடு ஒழிந்து, முழுப் பித்தளையில் இழுத்துச் செய்த கூடே நிலைபெற்றது. (பாக்ஸர் ஆங்கிலேயர்; அவர் பெயர் கொண்ட கேப்பு அமைப்பு அமெரிக்காவில் நிலைத்தது. பெர்டான் அமெரிக்கர், அவருடைய அமைப்பைப் பிரிட்டிஷ் படை ஏற்றது. கண்டுபிடித்தவரின் நாடு ஒன்று, கையாண்ட நாடு ஒன்று என்பதற்கு இதனினும் வேடிக்கையான எடுத்துக்காட்டு கிடைப்பதரிது.)

பித்தளை வெடிக்காமலே உருக்குலைவதும் உண்டு என்பதை உலகுக்குக் காட்டியது இந்தியாவே. மழைக்காலத்தில் குதிரைலாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் கழுத்தில், ஒருவரும் தொடாமலே கீறல்கள் விழுந்தன. பருவந்தோறும் தோன்றியதால் அதற்குப் பருவக்கீறல் என்ற பொருளில் ஆங்கிலத்தில் பெயரிட்டனர். காரணம் நெடுநாள் விளங்கவில்லை. குதிரைச் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா ஆவி ஒரு பக்கம். அச்சில் நெருக்கியதால் கழுத்துக்குள் அடங்கிக் கிடந்த இறுக்கம் மறு பக்கம். இரண்டும் சேர்ந்தே பித்தளையைப் பிளந்தன என்பதை மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகிய மூவரும் 1921இல் நிறுவினர். மிதமாகக் காய்ச்சி இறுக்கத்தைப் போக்குவதே தீர்வு. கன்னார் அறிந்திருந்த அதே தீர்வு! கார்டைட் மருந்து நிரப்பிய .303 தோட்டாவில் வேறோர் இடரும் இருந்தது. நூல் போன்ற கார்டைட் கற்றை குறுகிய கழுத்தின் வழியே நுழையாதாகையால், முதலில் மருந்தை நிரப்பிய பின்னரே கழுத்தை நெருக்கி உருவாக்கினர். மருந்து நிரம்பிய கூட்டை எவரும் நெருப்பில் காய்ச்ச முடியாது.

வெடியறையின் அளவும் ஒரே நிலையில் நிற்கவில்லை. முதல் உலகப் போரில் கனடியப் படையின் ராஸ் துப்பாக்கி நெருக்கமான அறை உடையது, குறி தவறாதது. ஆனால் 1915இல் பிரெஞ்சு, பெல்ஜியச் சேற்றில் சிக்கிக்கொண்டது. வீரர்கள் அதனை வீசிவிட்டு, இறந்துகிடந்த பிரிட்டிஷ் வீரரின் லீ-என்ஃபீல்டை எடுத்துக்கொண்டனர். தாராளமான அறையே சேற்றுக்கும் அழுக்குக்கும் பலவகை ஆலைகளின் தோட்டாக்களுக்கும் ஈடுகொடுக்கும் என்பது அன்று கற்ற பாடம். அதன் விளைவாக .303 துப்பாக்கிகளின் அறைகள் தோட்டாவினும் கணிசமாகப் பெரியனவாகவே இருந்தன. துப்பாக்கிக்குத் துப்பாக்கி வேறுபட்டும் இருந்தன. வேட்டை விரும்பிகளுக்கு இது தொல்லை. வரலாற்றாசிரியனுக்கோ இது நற்பேறு. அறைகள் எல்லாம் ஒரே அளவினவாக இருந்திருந்தால், அறையின் வார்ப்பான கூடு நமக்கு ஒன்றும் சொல்லாது.

இப்போது கிள்ளானுக்கு வருவோம்.

போர்க்காலத்தில் ரப்பர் விலை உயர்ந்தது. தோட்ட முதலாளிகள் கொழுத்தனர். தமிழ்த் தொழிலாளியின் நாட்கூலியோ 50 காசைச் சுற்றியே நின்றது. அதே வேலைக்குச் சீனத் தொழிலாளி அதனினும் மிகுதியாகப் பெற்றான். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் தலைமையில், 'தமிழ் நேசன்' நாளிதழில் பணியாற்றிய ஆர்.எச். நாதன் முதலியோர் தொழிலாளரை ஒன்றுதிரட்டினர். கோரிக்கைகளைப் படிப்போர், அவை கூலியோடு நிற்கவில்லை என்பதை உணர்வர். கள்ளுக்கடைகளை மூடுக, பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துக, பிள்ளைகளுக்கு முறையான கல்வி தருக, துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்க. மனிதனாக நிமிர்ந்து செல்ல விரும்பியதே அவர்கள் செய்த குற்றம். மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் தோட்டம் தோட்டமாகப் பரவியது. மே 16ஆம் நாள் சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இந்தியப் படையினர் வரவழைக்கப்பட்டனர். தொழிலாளர் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது, ஐவர் மாண்டனர். இந்தியரை அடக்க இந்தியரே கொண்டுவரப்பட்டனர் என்பது இந்நிகழ்ச்சியின் கசப்பான பகுதி.

ஒரு சொல்லாராய்ச்சி இவ்விடத்தில் பொருந்தும். துப்பாக்கி என்ற சொல் துருக்கி மொழி வழி வந்தது; தோட்டா இந்துஸ்தானி வழி வந்தது. தோட்டத்துக்கும் தோட்டாவுக்கும் மொழியில் உறவு இல்லை. கிள்ளானில் உறவு உண்டாயிற்று.

துப்பாக்கிச் சூடு நடந்த இடத்தில் வெற்றுக்கூடு என்ன சொல்லும்? முதலாவதாக, எண்ணிக்கை. இதற்கு நாம் நன்கறிந்த எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1919 ஏப்ரல் 13ஆம் நாள் அமிருதசரசின் ஜாலியன்வாலா பாக்கில் ஜெனரல் டயரின் படை ஏறத்தாழப் பத்து நிமிடம் சுட்டது. 1,650 தோட்டாக்கள் என்ற எண் வரலாற்று நூல்கள் அனைத்திலும் இடம்பெற்றுள்ளது. அது வீரர்கள் பொறுக்கியெடுத்த வெற்றுக்கூடுகளை எண்ணிக் கண்ட தொகை. மாண்டோர் எண்ணிக்கையைப் பற்றி இன்றளவும் வாதம் ஓயவில்லை. அரசு சொன்னது 379. காங்கிரஸ் சொன்னது அதனினும் மிகுதி. தோட்டாக்களின் எண்ணிக்கையைப் பற்றி மட்டும் வாதமே இல்லை. இறந்த மனிதனைவிட எரிந்த தோட்டாவுக்குச் சரியான கணக்கு இருந்தது என்பதை நாம் வருத்தத்தோடுதான் குறிக்க வேண்டியுள்ளது. படையில் கூடுகளைத் திரட்டி ஒப்படைப்பது வழக்கம். அது மனிதநேயத்தால் அன்று, உலோகத்தின் விலையால். திரட்டிய கூடுகள் உலைக்குச் செல்லும். எழுத்தும் அளவும் அங்கே உருகிவிடும்.

இரண்டாவதாக, இடம். கூடு எங்கே விழுந்ததோ அதற்கு அருகில்தான் சுட்டவன் நின்றான். அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் என்னுமிடத்தில் 1876இல் கஸ்டர் என்ற படைத்தலைவனும் அவனோடிருந்த வீரரும் பழங்குடி மக்களால் அழிக்கப்பட்டனர். கஸ்டரோடு நின்றவருள் ஒருவரும் உயிர் பிழைக்கவில்லை. பழங்குடியினர் சொன்ன சாட்சியத்தைப் பலர் நூறாண்டு காலம் பொருட்படுத்தவில்லை. 1983இல் காட்டுத்தீ புல்லை எரித்தது. மறு ஆண்டு முதல் தொல்லியலார் உலோகங்காட்டிகளோடு அந்நிலத்தை அளந்து, கூடுகள் கிடந்த இடத்தை ஒவ்வொன்றாகக் குறித்தனர். பின்னர்ச் சோதனைச் சாலையில் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, ஒரே துப்பாக்கி முதலில் இங்கே சுட்டது, பிறகு அங்கே சென்று சுட்டது என்று தனித்தனித் துப்பாக்கியின் வழியையே வரைந்துவிட்டனர். பழங்குடியினர் சொன்ன பலவற்றை அது மெய்ப்பித்தது. கஸ்டரின் வீரர் கையாண்ட கூடுகள் செம்பாலானவை. பித்தளையைப் போல நன்கு சுருங்கி மீளாமல் அறையில் சிக்கின என்பது அக்காலத்திலிருந்தே எழுந்த குற்றச்சாட்டு. கத்தியால் நெம்பி எடுத்த கீறல் உடைய கூடுகள் சிலவே அங்கே கிடைத்தன. தோல்விக்கு அதுவே பெருங்காரணம் என்ற பேச்சு அத்தோடு அடங்கிற்று.

மூன்றாவதாக, துப்பாக்கியின் அடையாளம். இங்கே நாம் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். பருத்த அளவு மட்டுமே ஒரு துப்பாக்கியை இன்னதென்று சுட்டிக் காட்டாது. இரண்டு துப்பாக்கிகளின் அறைகள் ஒத்த அளவில் இருத்தல் கூடும். அளவு செய்யக்கூடியது விலக்குதல். இந்தக் கூடு இந்த அறையிலிருந்து வந்திருக்க முடியாது என்று அது உறுதியாகச் சொல்லும். இன்னதுதான் என்று சொல்வதற்கு, பித்தளை பின்னோக்கி மோதியபோது பூட்டின் முகத்திலுள்ள நுண்கீறல்கள் அதில் பதிந்திருக்க வேண்டும்; முள்ளின் குழியும் இழுகொக்கியின் தடமும் ஒத்திருக்க வேண்டும். இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில் 1927இல் குட்டரிட்ஜ் என்ற காவலர் கொல்லப்பட்டார். கொலையாளிகள் விட்டுச்சென்ற காரில் கிடந்த ஒரே ஒரு வெற்றுக்கூட்டின் அடியில், பூட்டுமுகத்தின் குறை ஒன்று அச்சாகப் பதிந்திருந்தது. அத்தடம் ஒரு வெப்லி ரிவால்வரோடு பொருந்தியது. 1928இல் இருவர் தூக்கிலிடப்பட்டனர். கூட்டைக் கொண்டு கொலையாளியைக் காணும் கலை அதன்பின் நீதிமன்றங்களில் வேரூன்றியது.

ஆகவே 1941இல் கிள்ளானில் துப்பாக்கிகள் வெடித்தபோது, வெற்றுக்கூடு சாட்சி சொல்லும் என்பது பிரிட்டிஷ் நீதித்துறைக்குப் புதிய செய்தியன்று. ஒரு காவலருக்காக ஒரு கூட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த அரசு அது. எத்தனை துப்பாக்கிகள் சுட்டன, எங்கே நின்று சுட்டன, ஓரிடத்திலிருந்தா பல இடத்திலிருந்தா என்னும் வினாக்களுக்கு விடை கூறும் கலை கையிலேயே இருந்தது. கலகம் அடக்கப்பட்டது என்று எழுதும் அறிக்கைக்கு அவ்வினாக்கள் தேவைப்படவில்லை.

அடுத்த எட்டு மாதங்களுக்குள் காட்சி மாறிற்று. 1942 ஜனவரி 11ஆம் நாள் கோலாலம்பூர் ஜப்பானியர் கைப்பட்டது. 1943இல் நேதாஜி சிங்கப்பூர் வந்தபின், தோட்டங்களிலிருந்து தமிழ் இளைஞர் இந்திய தேசிய இராணுவத்தில் திரளாகச் சேர்ந்தனர். கோலாலம்பூர்ப் பெண்ணான ஜானகி தேவர் ஜான்சி ராணிப் படையின் துணைத் தலைமை வரை உயர்ந்தார். விடுதலைக்குப் பின் ஜானகி ஆதி நாகப்பன் என்று மலேசிய அரசியலிலும் சமூகப் பணியிலும் அறியப்பட்டவர் அவரே. அப்படையினர் கையில் தரப்பட்டவை பெரும்பாலும் பிரிட்டிஷாரிடமிருந்து கைப்பற்றிய .303 துப்பாக்கிகள். ஈராண்டுக்கு முன் எவ்வகைத் துப்பாக்கியின் முன் நின்றார்களோ அவ்வகைத் துப்பாக்கியையே தமிழர் தோளில் சுமந்தனர். பித்தளையில் இருவர் சுட்டதற்கும் வேறுபாடு காண முடியாது. எவன் சுட்டான் என்பதை அது அறியும் வகை இல்லை; எந்த அறையில் வெடித்தோம் என்பதை மட்டுமே அது அறியும். கூட்டைக் கொண்டு வரலாறு எழுத முனைவோர் இவ்வெல்லையை மறத்தலாகாது. ஆண்டுப் பொறிப்பும் அவ்வாறே. 1940 என்று பொறித்த கூடு 1940இல் செய்யப்பட்டது. வெடித்தது அவ்வாண்டிலும் இருக்கலாம், போருக்குப் பிந்திய அவசரகாலத்திலும் இருக்கலாம். அந்த ஆண்டுக்கு முன் வெடித்திருக்க முடியாது என்பதொன்றே அப்பொறிப்பு தரும் உறுதி.

தோட்டப்புறங்களிலும் பழைய ஈயக்குட்டை ஓரங்களிலும் இத்தகைய கூடு ஒன்று கிடைத்தால் மாணவர் அதனை எடுத்து விளையாடுதல் கூடாது. பழைய தோட்டாவில் மருந்து இன்னும் உயிரோடிருக்கலாம். உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பது 1960ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டப்படி குற்றமும் ஆகும். கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு அறிவிப்பதே முறை. இடத்தினின்று பெயர்த்த கூடு, ஊர்ப்பெயர் தெரியாத கல்வெட்டைப் போன்றது.

வெடித்த கூட்டுக்கும் வெடிக்காத தோட்டாவுக்கும் சட்டம் கண்ட வேறுபாட்டை இந்நாட்டுத் தமிழர் ஒருவரின் வாழ்வில் காணலாம். தமிழ்நாட்டில் பிறந்து, மலாயாவில் வளர்ந்து, இந்திய தேசிய இராணுவத்தில் பணியாற்றி, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கியவர் எஸ்.ஏ. கணபதி. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டு, உரிமமின்றிப் படைக்கலம் வைத்திருப்போர்க்கு மரண தண்டனை என்று விதி வந்தது. 1949 மார்ச் 1ஆம் நாள் ரவாங்கை அடுத்த வாட்டர்பால் தோட்டத்தருகே அவர் பிடிபட்டார். அவர் மீதான குற்றச்சாட்டில் குறிக்கப்பட்டவை ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும். அந்த ஆறும் வெடிக்காதவை. ஆலையிலிருந்து வந்த அளவிலேயே இருந்தவை. எந்த அறையின் வடிவையும் ஏற்காதவை. இந்திய அரசு அவர் உயிரைக் காக்க முயன்றது, பயனில்லை. 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். கிள்ளானில் ஐவர் வீழ்ந்து அப்போது எட்டாண்டுகள் முடியப் பன்னிரண்டு நாட்கள் இருந்தன, அவசரநிலை அறிவித்த நாளிலிருந்து எண்ணினால்.